வரிசையில் முந்தி வந்தவரை விட்டுவிட்டு இன்னொருவரை ஏன் பார்க்கிறோம்?

கேள்வி: கேஷுவாலிட்டி டாக்டர்கள் தனியாக ஏதாவது படித்துவிட்டு வருகிறார்களா? நாங்கள் வலியோடு காத்திருக்கும்போது பின்னால் வந்தவரை ஏன் முதலில் பார்க்கிறார்கள்?

படித்துவிட்டுத்தான் வருகிறோம். எம்.பி.பி.எஸ். முடித்து, மூன்று வருடம் எம்.டி. எமர்ஜென்சி மெடிசின், அதாவது அவசர மருத்துவம். 2009-ல்தான் இந்தியாவில் இது தனித் துறையாக அங்கீகாரம் பெற்றது, அதனால் எங்கள் சொந்தக்காரர்களுக்கே இன்னும் பிடிபடவில்லை, கல்யாண வீட்டில் பார்த்தால் "கேஷுவாலிட்டியிலயா இருக்க, சரி, எப்ப மேல படிக்கப் போற?" என்பார்கள். நான் ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது கேஷுவாலிட்டி என்றால் ஒரு மேஜை, ஒரு ரிஜிஸ்டர், ஒரு டியூட்டி டாக்டர், அவ்வளவுதான். மெடிசினா சர்ஜரியா என்று எழுதி வார்டுக்கு அனுப்புவார்கள். அந்த வார்டுக்குப் போகும் வழியிலேயே, ஸ்ட்ரெச்சரில், மூச்சு நின்றுபோனவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த அரை மணி நேரத்துக்கு யாருமே பொறுப்பில்லை என்பது உறுத்திக்கொண்டே இருந்தது, இந்தப் பக்கம் வந்துவிட்டேன்.

இப்போது வரிசை விஷயம். உயிருக்கு எவ்வளவு ஆபத்து என்று பார்த்து, சிவப்பு, மஞ்சள், பச்சை என்று வந்தவுடனே பிரிப்போம், சிவப்புக்குத்தான் முதலிடம், இதற்கு ட்ரையாஜ் என்று பெயர், பெரிய அரசு மருத்துவமனைகளிலும் இருக்கிறது. கை ஒடிந்து அலறுகிறவருக்கு வலி நிஜம், அதற்கு ஊசி போட்டுவிடுவோம், ஆனால் அவ்வளவு சத்தம் வருகிறது என்றால் மூச்சுக்குழாய் திறந்திருக்கிறது, நினைவும் இருக்கிறது என்று அர்த்தம். எனக்குப் பயம் மூலையில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருப்பவர் மேல்தான். சட்டை நனைய வியர்த்திருக்கும், துண்டால் துடைத்துக்கொண்டே "ஒண்ணுமில்ல தம்பி, வாயுதான், சோடா குடிச்சேன், கேக்கல" என்பார். அவருக்குப் பத்து நிமிடத்துக்குள் இ.சி.ஜி. எடுத்தாக வேண்டும். சர்க்கரை இருப்பவர்களுக்கு மாரடைப்பில் நெஞ்சு வலியே இல்லாமல்கூடப் போகலாம், அதனால் வாயு என்ற வார்த்தையை நான் லேசில் நம்புவதில்லை.

என்ன நோய் என்பதை அப்புறம் தேடிக்கொள்ளலாம். அடுத்த சில நிமிடங்களில் ஆளைக் கொண்டுபோகக்கூடியது எது என்றுதான் முதலில் பார்ப்போம். மூச்சுப்பாதை, மூச்சு, ரத்த ஓட்டம், நினைவு, இந்த வரிசையில். ஒருமுறை விடிகாலையில் வயிற்று வலி என்று ஒரு அம்மாவைக் கூட்டி வந்தார்கள். இமை பாதி மூடியிருந்தது. "ராத்திரி பூரா தூங்கல சார், அதான் கண்ணு சொருகுது" என்றார் மகன். எங்கே படுத்திருந்தார் என்று கேட்டேன், தரையில் பாய் விரித்து. ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு எண்ணுங்கள் என்றேன், ஏழைத் தாண்டவில்லை. தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியவில்லை. கட்டுவிரியன் பாம்பு கடித்திருக்கிறது. அது கடித்தால் வலியோ வீக்கமோ இல்லாமலும் இருக்கும், பல் பட்ட தடம்கூடத் தெரியாமல் போகும், ஆனால் மூச்சு விடும் தசைகளைச் செயலிழக்க வைத்துவிடும். விஷமுறிவு மருந்தை ஏற்றிக்கொண்டே குழாய் போட்டு வென்டிலேட்டரில் இணைத்தோம், சில நாட்களில் தானாக மூச்சு விட்டுக் கண் திறந்தார். அந்த நேரத்தில் வெளியே ஒரு மணி நேரம் காத்திருந்த ஒருவர் நர்ஸோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார், அவர் கோபத்திலும் தப்பில்லை, யாரும் போய் காரணம் சொல்லவில்லையே. அதனால் எங்கள் ஷிஃப்டில் ஒருவர் வெளியே போய் ஏன் தாமதம் என்று சொல்லிவிட்டு வர வேண்டும் என்று வைத்திருக்கிறேன்.

பணம் கட்டு, போலீஸ் வரட்டும் என்று யாராவது உங்களை நிறுத்தினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். உயிர் காக்கும் சிகிச்சைக்குச் சட்ட நடைமுறை குறுக்கே நிற்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே சொல்லிவிட்டது. தமிழ்நாட்டில் சாலை விபத்து என்றால் அரசின் விபத்துச் சிகிச்சைத் திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு, ஒரு வரம்பு வரைக்கும், அரசே பணம் கொடுக்கிறது.

வரும்போது சாப்பிடும் மாத்திரை அட்டைகளை அப்படியே அள்ளிக்கொண்டு வாருங்கள், "வெள்ளையா ஒரு மாத்திரை" என்று சொன்னால் எங்களுக்கு ஒன்றும் விளங்காது. ஒரு பக்கம் கை கால் இழுத்துக்கொண்டது என்றால் கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்று பார்த்து வையுங்கள், மூளை ரத்தக் குழாயில் உள்ள அடைப்பைக் கரைக்கும் ஊசியை, அந்த நேரத்திலிருந்து நாலரை மணி நேரத்துக்குள்தான் பொதுவாகப் போடுவோம். பாம்பை அடித்துப் பையில் போட்டு எடுத்து வர வேண்டாம், இங்கே கொடுக்கும் மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கும் சேர்த்துத்தான்.