நிழலில் எது, வெயிலில் எது: பல்லாண்டுச் செடிகள் கேள்வி-பதில்

வீட்டின் வடக்குப் பக்கம் நிழலாக இருக்கிறதே என்று மார்கழியில் பெரணியும் பீஸ் லில்லியும் வைத்தோம். வைகாசியில் இலையெல்லாம் கருகிவிட்டது. தண்ணீர் போதவில்லையா? (சென்னை)

தண்ணீரில் குறை இல்லை, வெயில்தான் காரணம். சென்னையில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் நம் தலைக்குச் சற்று வடக்கேதான் நிற்கும். காலையிலும் மாலையிலும் இன்னும் வடக்கே ஒதுங்கியிருக்கும். அதனால் மார்கழியில் நாள் முழுக்க நிழலாகக் கிடந்த அதே சுவரோரம் ஆனியில் வெயிலில் காயும். வடக்குப் பக்கம் என்றாலே நிழல் என்பது குளிர்நாட்டுக் கணக்கு, நமக்குப் பொருந்தாது.

பெரணியை இரண்டு சுவர்களுக்கு நடுவிலுள்ள சந்துக்கோ, அடர்ந்த மரத்தடிக்கோ மாற்றிவிடுங்கள். வடக்குப் பக்கத்துக்கு நிழலையும் சில மாத வெயிலையும் சேர்த்துத் தாங்கும் செடி வேண்டும். எனக்கு முதலில் நினைவுக்கு வருவது கனகாம்பரம். நம் மண்ணிலேயே பிறந்த செடி, அரை நிழலிலும் சளைக்காமல் பூக்கும். டெல்லி கனகாம்பரம் என்ற வகை விதை பிடிக்காது, குச்சி வெட்டித்தான் பெருக்க வேண்டும். டிசம்பர் பூவும் ஸ்பைடர் லில்லியும் அங்கே நன்றாக வரும். இனி எந்தச் செடி வாங்கும் முன்பும் அந்த இடத்தை டிசம்பரில் ஒருமுறை, ஜூனில் ஒருமுறை காலை, நண்பகல், மாலை என்று பார்த்துவிடுங்கள். நர்சரிக்காரர் சொல்வதைவிட இது உதவும்.

வேப்பமரத்தடியில் எதை வைத்தாலும் காய்ந்துபோகிறது. (திருச்சி)

அங்கே நிழலைவிட வேர்தான் பிரச்சினை. நீங்கள் ஊற்றும் தண்ணீரை மரம் முதலில் குடித்துவிடுகிறது. பாம்புக் கற்றாழை தாக்குப்பிடிக்கும். மற்றவற்றைத் தொட்டியில் வைத்து, தொட்டியைச் செங்கல் மேல் ஏற்றிவிடுங்கள். இல்லையென்றால் வேம்பின் வேர் அடித்துளை வழியாக உள்ளே வந்துவிடும். இடம் வேண்டும் என்பதற்காக மரத்தின் வேரை வெட்டாதீர்கள்.

குண்டுமல்லி செழிப்பாக இருக்கிறது, ஆனால் பூ மிகக் குறைவு. (மதுரை)

நிழலில் வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். மல்லிக்கு முழு வெயில் வேண்டும். அப்புறம் கவாத்து. மொட்டு புதுத் தளிரில்தான் வரும் என்பதால், நவம்பர் கடைசி வாரத்தில் தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு மேலே உள்ளதை வெட்டிவிட்டு, தொழுவுரம் இடுங்கள். வெட்டுவதற்குச் சில நாள் முன்பே தண்ணீரை நிறுத்திவிட வேண்டும். செடி மொட்டையாகத் தெரிவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், கோடையில் பூக்கும்.

இட்லிப்பூவின் தளிர் இலைகள் மஞ்சளாகின்றன, நரம்பு மட்டும் பச்சை. (கோவை)

இரும்புச்சத்துக் குறை. போர் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகமிருந்தாலும், சிமெண்ட் சுவரை ஒட்டி நட்டிருந்தாலும் மண்ணிலுள்ள இரும்பை வேரால் எடுக்க முடியாது. ஒரு லிட்டர் தண்ணீரில் 5 கிராம் அன்னபேதி உப்பு (ஃபெரஸ் சல்பேட்), சிறிது எலுமிச்சைச் சாறு கலந்து மாலையில் இலையில் தெளியுங்கள். இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை. வேருக்கு மக்கிய இலை உரமும் மழைநீரும் கொடுத்துவந்தால் பலன் நிலைக்கும்.

செங்காந்தள் பூத்து முடிந்ததும் கொடி முழுக்கக் காய்ந்துவிட்டது. பிடுங்கிவிடலாமா? (தாராபுரம்)

பிடுங்காதீர்கள்! மண்ணுக்குள் கிழங்கு உறங்குகிறது. தண்ணீரை நிறுத்திவிடுங்கள், ஜூன், ஜூலையில் தானாக முளைக்கும். இடம் மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் கலப்பை வடிவிலுள்ள கிழங்கின் நுனி ஒடியாமல் எடுங்கள். முளை அந்த நுனியில்தான் இருக்கிறது, ஒடிந்தால் கிழங்கே வீண். செடி முழுக்க நஞ்சு, கிழங்கில் மிக அதிகம். கையுறை போட்டு எடுங்கள், சமையலறைப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் நான் இதை நடச் சொல்லமாட்டேன்.

வெளிநாட்டு வீடியோக்களில் வரும் ஹோஸ்டா இங்கே நிழலில் வளருமா? (சேலம்)

வளராது. வருடத்தில் சில மாதம் கடும் குளிரில் உறங்கி எழ வேண்டிய செடி அது. சமவெளியில் அந்தக் குளிருக்கு வழியில்லை. அகன்ற, வண்ண இலைதான் ஆசை என்றால் கலேடியம் வையுங்கள். அதுவும் பனிக்காலத்தில் மறைந்து கோடை மழைக்குத் துளிர்க்கும். அதன் சாறு பட்டால் அரிக்கும், கவனம்.