தாவோ ஷிங்ஜி: கேளுங்கள், சொல்கிறேன்

சீனக் கல்வியாளர் தாவோ ஷிங்ஜி (1891–1946) பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும். தப்பு செய்த பையனுக்கு நான்கு மிட்டாய் கொடுத்துத் திருத்தினார் என்று சுற்றிவரும் கதையை மட்டும் கேட்காதீர்கள்.

பெயரை ஏன் மாற்றிக்கொண்டார், ஐயா?
பெற்றோர் வைத்த பெயர் வென்ஜுன். 'அறிவே செயலின் தொடக்கம்' என்ற சீனத் தத்துவஞானி வாங் யாங்மிங்கின் கருத்தில் மயங்கி, 'ஜிஷிங்' என்று வைத்துக்கொண்டார். ஜி என்றால் அறிவு, ஷிங் என்றால் செயல். பாடம் நடத்தப் போனபின் அது தலைகீழாகத் தெரிந்தது. கையைச் சுட்டுக்கொண்ட பிறகுதானே குழந்தைக்கு நெருப்பு சுடும் என்று தெரிகிறது என 1927இல் எழுதினார். 1934இல் பெயரையும் திருப்பிப்போட்டு ஷிங்ஜி ஆனார்.

மிட்டாய் கொடுத்துப் பையனைத் திருத்தினாராமே?
முதல் பத்தியைப் படிக்கவும்.

ஜான் டூயியின் காப்பிதானே இவர்?
அமெரிக்கக் கல்வித் தத்துவஞானி டூயியிடம் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்தவர்தான். ஆனால் டூயி 'பள்ளியே சமூகம்' என்றால் இவர் 'சமூகமே பள்ளி' என்றார். வானத்துப் பறவையைக் கூண்டில் போட்டு, உள்ளே இரண்டு கிளையை நட்டுவிட்டால் காடாகிவிடுமா என்பது அவர் வாதம்.

வார்த்தையைத் திருப்பிப்போட்டால் தத்துவமா? டூயி ரசிகர்கள் சார்பில் கேட்கிறேன்.
சரி, வார்த்தையை விடுங்கள், அடுப்படிக்கு வாருங்கள். 1927 மார்ச்சில் நான்ஜிங்குக்கு வெளியே ஷியாவ்ஜுவாங்கில் ஆசிரியர் பயிற்சிப் பள்ளி தொடங்கினார். காய்கறி பயிரிடத் தெரியாவிட்டால் மாணவனே இல்லை, சமைக்கத் தெரியாவிட்டால் பட்டம் இல்லை. கிராமத்துக்கு வாத்தியாராகப் போகிறவன் சோற்றுக்கு இன்னொருவர் கையை எதிர்பார்க்கக் கூடாது என்பது கணக்கு. 1930இல் அப்போது சீனாவை ஆண்ட சியாங் காய்ஷேக் அரசு பள்ளியை மூடியது. இவர் ஜப்பானுக்குத் தப்பினார். வெறும் சொல் விளையாட்டுக்கு எந்த அரசும் பள்ளியைப் பூட்டாது.

அப்புறமும் இது டூயிதான்.
நல்லது. நீங்கள் சோறு பொங்கிவிட்டு வாருங்கள், பேசுவோம்.

'சின்ன வாத்தியார்' திட்டம்?
இதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். காலையில் படித்த பிள்ளை மாலையில் வீட்டில் பாட்டிக்கும் அம்மாவுக்கும் எழுத்துச் சொல்லித்தர வேண்டும். ஆண் வாத்தியார் நுழைய முடியாத வீட்டுக்குள்ளும் பேரன் நுழைவானே! சம்பளமும் கேட்கமாட்டான்.

கைத்தொழில் வழியே பாடம் கற்கும் காந்தியின் ஆதாரக் கல்வியைப் பார்த்துச் செய்தாரா?
இல்லை. 1938இல் இந்தியா வந்து காந்தியைச் சந்தித்தார். ஆதாரக் கல்வியை முன்வைத்த வார்தா கல்வி மாநாடு 1937இல். ஷியாவ்ஜுவாங் அதற்குப் பத்து ஆண்டு மூத்தது.

கம்யூனிஸ்டா?
கட்சி உறுப்பினர் அல்ல. இறந்தபோது மாவோ புகழ்ந்தார்; 1951இல் தாவோவின் கருத்துகளையே போட்டுத் தாளித்தார்கள்.

ஆசிரியர் தின உரைக்கு அந்த மிட்டாய் கதை கிடைக்குமா, சார்?
கிடைக்காது. அனுப்புகிறவர் யாரும் மூலம் காட்டியதில்லை. கையைச் சுட்டுக்கொண்ட குழந்தையைச் சொல்லுங்கள். அது அவரே எழுதியது.