பாய்மரப் படகுப் பந்தயத்தின்போது படகில் டாக்டர் சொல்லி எடுத்த மருந்தால் ஊக்கமருந்து சோதனையில் சிக்கினால் பொறுப்பு யாருடையது?

மருந்து யார் உடம்பில் இருக்கிறதோ, அவருடையது. கேப்டன் கொடுத்தார், டாக்டர் சொன்னார், பெட்டியிலேயே இருந்தது என்பதையெல்லாம் தண்டனையைக் குறைக்கக் கேட்கும்போது சொல்லலாம். விதிமீறல் நடந்ததா என்ற கேள்விக்கு அவை பதில் ஆகாது. பாய்மரப் படகுப் பந்தயங்களை உலக அளவில் நிர்வகிக்கும் வேர்ல்ட் செய்லிங் அமைப்பின் விதிகள் உலக ஊக்கமருந்து தடுப்பு முகமையான வாடாவின் விதித்தொகுப்பை ஒட்டியவை. சிறுநீர் அல்லது ரத்த மாதிரியில் தடைசெய்த பொருள் இருந்தாலே மீறல்தான். தெரிந்து எடுத்தாரா, தெரியாமல் எடுத்தாரா என்பது அடுத்த கட்டத்துக்கு உரியது. மருந்தைக் கொடுத்த டாக்டரோ பயிற்சியாளரோ தனியாக விசாரிக்கப்படலாம். அதனால் வீரரின் பொறுப்பு குறையாது.

கடலோட்டத்தில், அதாவது நெடுந்தூரக் கடல் பந்தயத்தில், இது இன்னும் கடுமையாகிறது. பல மருந்துகளுக்குத் தடை போட்டிக்காலத்தில் மட்டும்தான். அந்தக் காலம் பொதுவாகப் போட்டிக்கு முந்தைய நாள் இரவு 11.59-க்குத் தொடங்கி, போட்டியும் அதன் மாதிரி சேகரிப்பும் முடியும்வரை நீளும். நூறு மீட்டர் ஓடுபவருக்கு இது ஓரிரு நாள் விஷயம். நடுவில் நிற்காமல் போகும் கடலோட்டத்தில் கரை சேரும்வரை அத்தனை நாளும் போட்டிக்காலமே.

எனவே புறப்படும் முன் மருந்துப் பெட்டியைத் திறந்து வைத்து, ஒவ்வொரு அட்டையிலும் உள்ள மூலப்பொருள் பெயரைத் தடைப்பட்டியலோடு ஒப்பிட வேண்டும். வணிகப் பெயரை நம்பக் கூடாது. ஒரே பெயரில் வெவ்வேறு நாடுகளில் வெவ்வேறு கலவை விற்கிறது. கடல் குமட்டலுக்கான ஹயோசின் ஒட்டுப்பட்டை, சின்னாரிசின், ப்ரோமெதசின் ஆகியவற்றுக்குத் தடை இல்லை. ப்ரோமெதசின் தரும் தூக்கத்தை முறிக்க எஃபெட்ரின் சேர்த்து விழுங்கும் பழைய வழக்கம்தான் ஆபத்து. சிறுநீரில் மில்லிலிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் எஃபெட்ரின் இருந்தால் மீறல். சளி மாத்திரைகளில் வரும் சூடோஎஃபெட்ரினுக்கு வரம்பு 150. வலிக்கான டிரமடால் 2024 ஜனவரி 1 முதல் போட்டிக்காலத்தில் தடை. ஒவ்வாமைக்கு வைத்திருக்கும் ப்ரெட்னிசலோன், டெக்ஸாமெத்தசோன் போன்றவை வாய்வழியாகவோ ஊசியாகவோ போனால் அதே கதி; தோலில் தடவும் களிம்புக்குத் தடை இல்லை. இரவுக் காவலில் விழித்திருக்க மோடாஃபினில் எடுப்பதைத்தான் நான் மிகவும் அஞ்சுகிறேன். அது சிக்கினால் தண்டனைப் பேச்சே 4 ஆண்டிலிருந்து தொடங்கும். காஃபினுக்குத் தடை இல்லை, அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வாந்தியால் நீர் வற்றியவருக்குப் படகிலேயே டிரிப்ஸ் போடுவதும் விதிக்குள் வருகிறது. 12 மணி நேரத்தில் 100 மில்லிலிட்டருக்கு மேல் ரத்தநாளம் வழியாக ஏற்றுவது எப்போதுமே தடை. மருத்துவமனை சிகிச்சை போன்ற சில விலக்குகள் மட்டுமே உண்டு. குழு எடை வரம்புள்ள படகு வகைகளில் எடையைக் குறைத்துக் காட்ட நீர்நீக்கி மாத்திரை போடுவதும் அப்படியே. போட்டி இல்லாத நாளிலும் அது தடைதான்.

உயிருக்கு ஆபத்து என்றால் விதியைப் பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள், மருந்தைக் கொடுங்கள். அவசர சிகிச்சைக்குப் பின்தேதியிட்டு சிகிச்சை விலக்கு (தடைசெய்த மருந்தை நோய்க்காக எடுக்கும் அனுமதி) கேட்க வழி இருக்கிறது. அதற்குச் சான்று வேண்டும்: மருந்து, அளவு, நேரம், கொடுத்தவர், கரையிலிருந்து ஆலோசனை சொன்ன டாக்டரின் மின்னஞ்சல், அறிகுறிகள். எல்லாம் அன்றே லாக் புத்தகத்தில் ஏற வேண்டும். காலி அட்டையை எறியாதீர்கள். முன்பே இருக்கும் நோய்க்கு இந்த வழி உதவாது. போட்டிக்குக் குறைந்தது 30 நாள் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். சர்வதேச நிலை வீரர் என்றால் வேர்ல்ட் செய்லிங்கிடம், மற்றவர்கள் தங்கள் நாட்டு முகமையிடம்.

கரையில் சோதனைக்கு அழைத்தால் இன்னொரு சிக்கல் வரும். வெயிலில் வற்றிய உடம்போடு வந்து இறங்கியதும் தண்ணீரை மடமடவென்று குடித்தால் சிறுநீர் நீர்த்துவிடும். குறைந்தது 90 மில்லிலிட்டர் வேண்டும், அடர்த்தி 1.005-க்குக் குறையக் கூடாது (150 மில்லிலிட்டரோ அதற்கு மேலோ தந்தால் 1.003). குறைந்தால் மறுபடி காத்திருந்து இன்னொரு மாதிரி தர வேண்டும். அதுவரை கண்காணிப்பாளரின் பார்வையை விட்டு நகர முடியாது. கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள், புட்டியின் மூடியை நீங்களே திறங்கள். கடந்த சில நாட்களில் எடுத்த மருந்து, ஊட்டச்சத்துப் பொருள் அத்தனையையும் படிவத்தில் எழுதுங்கள்.

பதிவுசெய்த சோதனைக் குழுவில் (போட்டி இல்லாத நாளிலும் சோதிக்கத் தேர்ந்தெடுத்த வீரர்கள் பட்டியலில்) இருப்பவர்கள், தினமும் காலை 5 முதல் இரவு 11 மணிக்குள் ஒரு 60 நிமிடத்துக்குத் தாங்கள் இருக்கும் இடத்தைத் தெரிவிக்க வேண்டும். 12 மாதத்தில் மூன்று முறை தவறினால் அதுவே மீறல். படகை அடுத்த துறைமுகத்துக்கு ஓட்டிப்போகும் நாட்களில்தான் இது மறந்துபோகும். கயிற்றை அவிழ்க்கும் முன் பதிவைத் திருத்துங்கள்.

கடைசியாக, பட்டியலின் தேதி. புதிய தடைப்பட்டியல் ஜனவரி 1-ல் நடைமுறைக்கு வரும். தனியாளாக நிற்காமல் உலகைச் சுற்றும் வாந்தே குளோப் போன்ற ஓட்டம் நவம்பரில் கிளம்பி ஜனவரியைத் தாண்டிப் போகும். புறப்படும் நாளில் சரியாக இருந்த மாத்திரை, நடுக்கடலில் இருக்கும்போதே தடைக்குள் வந்துவிடலாம். அடுத்த ஆண்டுப் பட்டியல் அக்டோபர் 1-க்குள் வெளியாகிவிடும் என்பதால், பெட்டியைச் சரிபார்க்கும்போது இரண்டு ஆண்டுப் பட்டியலையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.