கேளுங்க சொல்றோம்: துருக்கில எடுத்த ஸ்டார் வார்ஸ்

கேள்வி: 'துருக்கி ஸ்டார் வார்ஸ்'னு ஒரு படம் யூடியூப்ல பாத்தேன். ஹாலிவுட் படத்த அப்படியே சுட்டுட்டு கேஸ் வாங்காம எப்படி தப்பிச்சாங்க?
- வாசகர், தேனி

பதில்: நீங்க பாத்தது 1982ல வந்த படம், டைரக்டர் செட்டின் இனான்ச், ஹீரோ ஜுனேத் அர்கின். அவர் டாக்டருக்குப் படிச்சவர், இந்தப் படத்துக்கு கதையும் அவருதான் எழுதினாரு. அந்தக் கதைக்கும் ஸ்டார் வார்ஸ் கதைக்கும் பெருசா சம்பந்தமே இல்லங்க! விண்வெளிச் சண்டைக்கு செட் போட காசு இல்ல, அதனால ஒரிஜினல் ஸ்டார் வார்ஸ் காட்சிகளையே எடுத்து ஹீரோ முதுகுக்குப் பின்னாடி ஓடவிட்டு, அவர ஹெல்மெட் மாட்டி முன்னாடி உக்கார வச்சு ஷூட் பண்ணிட்டாங்க. மியூசிக்கும் முக்கியமா இண்டியானா ஜோன்ஸ் முதல் படத்துல இருந்து எடுத்ததுதான். அத மட்டும் திருட்டுன்னு சொல்லுங்க, ஒத்துக்கறேன், ஆனா மொத்தப் படத்தையும் காப்பின்னு தள்ளிடாதீங்க.

கேஸ் ஏன் வரலன்னா, துருக்கில காப்பிரைட் சட்டம் 1951லயே இருந்துச்சு, ஆனா சினிமா விஷயத்துல யாரும் கறாரா பாக்கல, 1995ல திருத்தம் வந்த பிறகுதான் இறுகுச்சு. அதுவுமில்லாம 70கள்ல இஸ்தான்புல்லோட யெஷில்சாம் சினிமா வருஷத்துக்கு 200, 300 படம்னு எடுத்துச்சு, ஊர் ஊரா இருந்த விநியோகஸ்தர்கள் முன்பணம் குடுத்து இந்த மாதிரி படம் வேணும் அந்த ஹீரோ வேணும்னு கேப்பாங்க, அந்த அவசரத்துல உக்காந்து புதுசா யோசிக்க யாருக்கு நேரம் இருந்திருக்கும் சொல்லுங்க.

கேள்வி: இந்த மாதிரி துருக்கி காப்பிப் படங்கள்ல உருப்படியா பாக்கற மாதிரி எதுவும் இருக்கா?
- வாசகி, கடலூர்

பதில்: இருக்கு. 1974ல வந்த சைத்தான் பாருங்க. எக்ஸார்சிஸ்ட்ங்கற ஹாலிவுட் பேய்ப் படத்த கிட்டத்தட்ட சீனுக்கு சீன் எடுத்திருக்காங்க, ஆனா பாதிரியார் இருந்த இடத்துல இஸ்லாமிய நம்பிக்கைய வச்சிருக்காங்க. டைரக்டர் மெட்டின் எர்க்சான் லேசுப்பட்ட ஆளு இல்ல, 1964ல பெர்லின் திரைப்பட விழால முதல் பரிசான தங்கக்கரடி விருது வாங்கினவரு. அப்படிப்பட்டவர் ஏன் ரீமேக்குக்கு வந்தார்னு கேக்கத் தோணும், அந்த இண்டஸ்ட்ரில பெரிய டைரக்டரா இருந்தாலும் கமர்ஷியல் படம் எடுத்துதான் பொழைக்கணும்னு இருந்துச்சு, எனக்கு அது ரொம்ப வருத்தமான விஷயம்.

கேள்வி: ஸ்டார் ட்ரெக்க கூட விட்டு வைக்கலயாமே?
- வாசகர், ஈரோடு

பதில்: ஆமாங்க, அமெரிக்க டிவி தொடரா வந்த ஸ்டார் ட்ரெக்க 1973லயே படமா எடுத்துட்டாங்க. அங்க பிரபலமான 'டூரிஸ்ட் ஒமர்' காமெடி கேரக்டர விண்கலத்துல ஏத்திவிட்ட படம், நடிச்சது சத்ரி அலிஷிக். ஹாலிவுட் தன்னோட முதல் ஸ்டார் ட்ரெக் சினிமாவ 1979லதான் ரிலீஸ் பண்ணுச்சு.