நாவலின் துணைப் பாத்திரம் திரையில் ஏன் வேறு ஆளாகத் தெரிகிறது?

நாயகனுக்குப் பக்கத்தில் நிற்பவர்தான் துணைப் பாத்திரம். படமாக்கும்போது அவருக்குப் புதுக் குணமோ புது வேலையோ கொடுப்பதை மறுவிளக்கம் என்கிறோம்.

துப்பறியும் கதை நாயகன் ஷெர்லாக் ஹோம்ஸின் நண்பர் டாக்டர் வாட்சனையே பாருங்கள். 1887-இல் வந்த முதல் நாவலில் அவர் ஆப்கானிஸ்தான் போரில் காயம்பட்டுத் திரும்பிய ராணுவ மருத்துவர். கதை சொல்பவரும் அவரே. திரையில் அந்த வேலையைக் கேமரா எடுத்துக்கொள்கிறது. அப்புறம் வாட்சன் என்ன செய்வார்? குடும்பப் புகைப்படம் எடுப்பவர் படத்தில் இருக்கமாட்டார். கேமராவை வேறொருவர் வாங்கிக்கொண்டால் அவரும் எங்காவது நின்றாக வேண்டும், அதுபோலத்தான்.

1939 முதல் 1946 வரை வந்த படங்களில் நடிகர் நைஜல் புரூஸ் வாட்சனைத் தடுமாறும் வெகுளியாக்கினார். 2010-இல் தொடங்கிய பிபிசி தொடரில் மார்ட்டின் ஃப்ரீமன் அந்தப் போர்வீரரை மீட்டுக் கொண்டுவந்தார். எனக்கு மிகவும் பிடித்த வாட்சன் அவர்தான்.

வாட்சன் மந்தமானவர் என்று பலர் நினைப்பது அந்தப் பழைய படங்களால்தான். நாவலில் அவர் அப்படி இல்லை.