குமானோ பாதையில் சைவ உணவுக்காரர்கள் நடக்க முடியுமா?

கேள்வி: எனக்கு வயது 56. மனைவியும் நானும் சுத்த சைவம். வெள்ளியங்கிரி ஏறிய பழக்கம் உண்டு. ஜப்பானின் குமானோ கோடோ யாத்திரைப் பாதையில் நடக்க ஆசை. கையில் ஐந்து நாள்தான். முடியுமா?

பதில்: தாராளமாக முடியும். வெள்ளியங்கிரி ஏறிய கால்களுக்கு இந்தப் பாதை கடினமில்லை. சோதனை சாப்பாட்டில்தான். மீசோ சூப், வேகவைத்த காய்கறி, நூடுல்ஸ் எல்லாவற்றிலும் ‘தாஷி’ என்ற சாறு சேரும். பெரும்பாலும் காய்ந்த சூரை மீனைச் சீவிப் போட்டு எடுப்பது. “மீன் வேண்டாம்” என்று மட்டும் சொன்னால், அதே சாற்றில் வெந்த காய் வந்துவிடும். அறை பதிவு செய்யும்போதே “மீன் தாஷியும் கூடாது, ‘கொம்பு’ என்ற கடற்பாசியில் எடுத்த தாஷி போதும்” என்று எழுதிவிடுங்கள்.

முதல் இரவைக் கோயாசான் மலையில் ஒரு கோயில் விடுதியில் கழியுங்கள். கூக்காய் என்ற துறவி 816-இல் மடம் அமைக்க அனுமதி பெற்ற மலை இது. இங்குள்ள ‘ஷோஜின் ரியோரி’ என்ற கோயில் சைவ உணவில் மீன், இறைச்சி மட்டுமல்ல, பூண்டும் வெங்காயமும் கிடையாது. உறையவைத்து உலர்த்திய கோயா தோஃபு என்ற சோயாப் பன்னீரைக் கடித்தால் பஞ்சைப் பிழிந்ததுபோல் சாறு வாயில் இறங்கும். சில கோயில்களில் விடிகாலையில் ‘கோமா’ நடக்கும். நம் ஹோமம்தான் அது. சொல்லும் சடங்கும் சீனா வழியாக அங்கே போய்ச் சேர்ந்தவை. துறவி குச்சிகளை ஒவ்வொன்றாக நெருப்பில் இட, முரசொலி நெஞ்சில் அதிரும். அதைக் காணாமல் திரும்பாதீர்கள்.

இரண்டாம் நாள் தனாபே ஊருக்கு ரயில் பயணத்தில் கழியும். கோயாசானிலிருந்து குமானோவுக்கு நடந்தே போகும் கோஹேச்சி பாதை சுமார் 70 கி.மீ.; ஆயிரம் மீட்டருக்கு மேற்பட்ட கணவாய்கள் வேறு. உங்கள் ஐந்து நாளில் அது வேண்டாம்.

மூன்றாம் நாள் பஸ்ஸில் தக்கிஜிரி போய், அங்கிருந்து தகஹாராவுக்கு ஏறுங்கள். நான்கு கி.மீ.தான், ஆனால் வேர்களும் பாறைகளுமாகச் செங்குத்தான ஏற்றம். மழைக்குப் பின் பாசி வழுக்கும், கைத்தடி அவசியம். மறுநாள் சிக்கத்சுயு வரை பத்து கி.மீ. ஐந்தாம் நாள் பஸ்ஸில் ஹொஷின்மோன் சென்று, ஹொங்கு கோயிலுக்கு ஏழு கி.மீ. இறங்கி நடங்கள். இடையில் ஒரு முழு நாள் நடை விடுபடும், அதில் குறையொன்றுமில்லை. முற்காலத்தில் இந்தக் கோயில் இருந்த ஆற்றங்கரைத் திடலையும் பாருங்கள். 1889 வெள்ளம் சிதைத்த இடம் அது. இன்று சுமார் 34 மீட்டர் உயரத் தோரணவாயில் நிற்கிறது.

அன்றிரவு வெந்நீர் ஊற்று ஊரான யுனோமினேயில் தங்குங்கள். ஓடைக்கரை மரக்குடிலுக்குள் இருக்கும் ட்சுபோயு வெந்நீர் ஊற்றில் ஒரு குழுவுக்கு அரை மணி நேரம்; கணவனும் மனைவியும் சேர்ந்தே குளிக்கலாம். உடைகளைக் களைந்து, உடம்பைக் கழுவிய பிறகே தொட்டியில் இறங்க வேண்டும். முன்பதிவு கிடையாது. பஸ்ஸை விட்டு இறங்கியதும் முதலில் அந்த டிக்கெட்டை வாங்கிவிடுங்கள்.