பழைய ஃப்ளாப்பியில் இருக்கும் பேரேடு கோர்ட்டில் செல்லுமா?

கேள்வி: வணக்கமுங்க. ஈரோட்டில் எங்கப்பாவும் சித்தப்பாவும் கூட்டாக நூல் மண்டி நடத்தினாங்க. பள்ளிபாளையம், குமாரபாளையம் தறிக்காரங்களுக்குத்தான் பெரும்பாலும் சரக்கு. 1996 முதல் 2004-ல் கடையைப் பிரிக்கும் வரை கணக்கு முழுக்க கம்ப்யூட்டரில், ஃபாக்ஸ்புரோங்கிற பழைய டேட்டாபேஸ் மென்பொருளில் எழுதிய புரோகிராமில். ராத்திரி கடை சாத்தும் முன் கணக்குப்பிள்ளை ஃப்ளாப்பியில் பேக்கப் எடுத்து வைப்பார். 2000 ஜூனில் சித்தோட்டில் அப்பா பேரில் குடோன் இடம் வாங்கினார். அது கடைப் பணத்தில் வாங்கியது, எங்களுக்குப் பாதி வேணும்னு சித்தப்பா பசங்க 2025-ல் ஈரோடு சார்பு நீதிமன்றத்தில் வழக்குப் போட்டிருக்காங்க. அப்பா தன் பேரில் பற்று எழுதித்தான் பணம் எடுத்தார். ஆனா பேரேட்டு பிரின்ட் எல்லாம் கரையான் தின்னுடுச்சு. மிச்சம் ஒரு பெட்டி ஃப்ளாப்பிதான். "அதெல்லாம் செல்லாது, சிடியில் காப்பி பண்ணி பிரின்ட் எடுத்துக் கொடுத்தாப் போதும்" என்கிறார் தெரிஞ்சவர் ஒருத்தர். என்ன பண்றதுங்க?

பதில்: செல்லும். அவர் சொன்னபடி செய்தால்தான் செல்லாமல் போக வாய்ப்பு அதிகம். இதைப் படித்து முடிக்கும்வரை ஒரு ஃப்ளாப்பியைக்கூட டிரைவில் போடாதீர்கள்.

உங்கள் வழக்கு எதில் நிற்கிறது என்று முதலில் பாருங்கள். இந்தியக் கூட்டாண்மைச் சட்டம் 1932-ன் 14-ம் பிரிவுப்படி, நிறுவனத்தின் பணத்தில் வாங்கிய சொத்து, மாறான எண்ணம் தெரியவராத வரை, நிறுவனத்துக்காக வாங்கியதாகவே கொள்ளப்படும். சித்தப்பா மக்கள் பிடித்துக்கொண்டிருப்பது இதைத்தான். கிரையத் தொகை கடையை விட்டுப் போன நாளில் அது அப்பாவின் மூலதனக் கணக்கில் பற்றாக ஏறியிருந்தால், அந்த மாறான எண்ணத்துக்கு அதுவே வலுவான சாட்சி. 'நிலம், கட்டடம்' என்று கடையின் சொத்துத் தலைப்பில் ஏறியிருந்தால் ஃப்ளாப்பி உங்களுக்கு எதிராகத்தான் பேசும். அப்பா சொன்ன ஞாபகத்தை மட்டும் நம்பி எதிருரையில் (வழக்குக்கு நீங்கள் கோர்ட்டில் தரும் எழுத்துப் பதில்) எழுதிவிட்டு, பிறகு ஃப்ளாப்பியைத் திறந்து பார்ப்பது வினையை விலைக்கு வாங்குவது.

வழக்கு 2024 ஜூலை 1-க்குப் பிறகு தாக்கலானதால் உங்களுக்குப் பொருந்துவது பாரதிய சாக்ஷ்ய அதினியம் 2023, அதாவது புதிய சாட்சியச் சட்டம். அன்றைக்கு ஏற்கெனவே நிலுவையில் இருந்த வழக்காக இருந்தால் பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவு தொடரும். கம்ப்யூட்டர் பதிவைச் சாட்சியமாகக் கொடுக்க இரண்டு சட்டமும் சான்றிதழ் கேட்கின்றன. புதிய சட்டத்தின் 63-ம் பிரிவில் சான்றிதழ் ஏ, பி என்று இரண்டு பகுதி. பகுதி பி-யில் நிபுணர் கையெழுத்து வேண்டும். பழைய 65பி-யில் அந்த நிபுணர் பகுதி கிடையாது. கோர்ட் வாசலில் டைப் அடித்துத் தரும் பழைய மாதிரிப் படிவத்தை அப்படியே நிரப்பிவிடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கவனம்.

57-ம் பிரிவின் விளக்கத்தில் உங்களுக்கு உதவக்கூடிய ஒரு வரி உண்டு. ஒரு மின்னணுப் பதிவு ஒரே நேரத்திலோ அடுத்தடுத்தோ பல கோப்புகளில் சேமிக்கப்பட்டால், ஒவ்வொரு கோப்பும் முதல்நிலைச் சாட்சியம், அதாவது அசலாகவே கொள்ளப்படும். "அசல் ஹார்டு டிஸ்க்கில் இருந்தது, இது வெறும் பேக்கப்தானே" என்று எதிர்த்தரப்பு கேட்டால் வக்கீல் இதை எடுத்து வைக்கலாம். ஆனால் நீதிபதி ஃப்ளாப்பியைக் கையில் வைத்துப் படிக்க முடியாது, படிக்கப்போவது பிரின்ட்டை. அசல் கருவியையே கோர்ட்டுக்குக் கொண்டுவராமல் பிரின்ட்டைக் கொடுத்தால் சான்றிதழ் கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் அர்ஜுன் பண்டித்ராவ் கோட்கர் வழக்கில் உறுதியாகச் சொல்லிவிட்டது. ஆகவே வாதத்தை வாதமாக வைத்துக்கொண்டு, சான்றிதழையும் தயார் செய்யுங்கள்.

இனி ஃப்ளாப்பி. மூன்றரை அங்குல டிஸ்க்கின் ஒரு மூலையில் நகர்த்தும் சிறு பிளாஸ்டிக் துண்டு இருக்கும். அதை நகர்த்தி ஓட்டை திறந்து தெரியும்படி வைத்தால் யாரும் எழுத முடியாது. எதிர் மூலையில் உள்ள ஓட்டை டிஸ்க்கின் கொள்ளளவைக் காட்டுவது, அதைத் தொட வேண்டாம். ஐந்தேகால் அங்குல டிஸ்க்காக இருந்தால் தலைகீழ்: பக்கவாட்டு வெட்டை ஸ்டிக்கர் ஒட்டி மூடினால்தான் பாதுகாப்பு. இதைச் செய்யாமல் பழைய விண்டோஸ் 95, 98 கம்ப்யூட்டரில் போட்டுப் 'பார்த்தால்கூட' போதும், அது டிஸ்க்கின் முதல் செக்டாரில் (டிஸ்க்கில் தகவல் பதியும் சிறு பகுதி) தன் அடையாளத்தை எழுதிவிடும். கணக்கில் ஒரு பைசா மாறியிருக்காது. ஆனால் வழக்குப் போட்ட பிறகு டிஸ்க்கில் எழுதப்பட்டிருக்கிறது என்று எதிர்த்தரப்பு நிபுணர் காட்டினால் குறுக்கு விசாரணையில் உங்கள் பாடு திண்டாட்டம்தான்.

அடுத்து, உலோக மூடியை மெல்ல விலக்கி உள்ளே இருக்கும் பழுப்புத் தகட்டை வெளிச்சத்தில் பாருங்கள். நூல் மண்டியில் இருந்தது என்பதால் பஞ்சுத் தூசி இருக்கும். வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் அது பூஞ்சை. அந்த டிஸ்க்கைத் தனியே வையுங்கள். அதைச் சுழற்றினால் பூஞ்சை டிரைவின் ஹெட்டில் (டிஸ்க்கைப் படிக்கும் முனை) ஒட்டி, அடுத்து போடும் நல்ல டிஸ்க்கையும் கீறும். 'டிஸ்க் ஃபார்மேட் ஆகவில்லை, இப்போது செய்யவா' என்று திரை கேட்டால் வேண்டாம் என்று சொல்லி எடுத்துவிடுங்கள்; பெரும்பாலும் முதல் டிராக் மட்டும் கெட்டிருக்கும், மற்றது மீளும். கடையின் பழைய கம்ப்யூட்டர் எங்காவது பரணில் கிடந்தால் காயலான் கடைக்குப் போடாதீர்கள். ஹெட் சற்று விலகிய டிரைவில் எழுதிய டிஸ்க்கை அந்த டிரைவே படிக்கும், புதிய யுஎஸ்பி டிரைவ் திணறும்.

கோப்பைக் காப்பி செய்வதற்குப் பதில் முழு டிஸ்க்கையும் செக்டார் செக்டாராகப் படிமம் (டிஸ்க்கின் அச்சு அசலான நகல்) எடுக்கச் சொல்லுங்கள். 1.44 எம்பி டிஸ்க் முழுதாக வந்தால் படிமம் சரியாக 14,74,560 பைட் இருக்கும். குறைந்தால் எங்கோ விட்டுப்போயிற்று. ஒவ்வொரு படிமத்துக்கும் அந்த இடத்திலேயே ஷா 256 ஹேஷ் (கோப்பில் ஒரு எழுத்து மாறினாலும் மாறிவிடும் கைரேகை போன்ற எண்) எடுத்து, டிஸ்க்கின் லேபிளில் உள்ள எழுத்தோடு சேர்த்து ஒரு தாளில் எழுதி, இருந்தவர்கள் கையெழுத்திட வேண்டும். லேபிளில் கணக்குப்பிள்ளை பேனாவில் எழுதிய தேதி இருந்தால் அதையும் போட்டோ எடுங்கள். உங்கள் கையிலிருக்கும் ஒரே கையெழுத்துச் சாட்சி அதுதான். இதை நீங்களே தனியாகச் செய்வதைவிட, உரிமையியல் விசாரணை முறைச் சட்டம் கட்டளை 26, விதி 10ஏ-யின் கீழ் மனுப் போட்டு, கோர்ட் நியமிக்கும் கமிஷனர் மூலம் செய்வது நல்லது. செலவு கூடும். ஆனால் 'நீயே மாற்றினாய்' என்ற பேச்சு எடுபடாது.

ஒரு நாள் பேக்கப் பல டிஸ்க்கில் பரவியிருக்கலாம். டாஸ் என்ற பழைய இயங்குதளத்தின் பேக்கப் கட்டளையில் எடுத்தது என்றால் டிஸ்க்கில் பேக்கப்.001, கன்ட்ரோல்.001 என்று கோப்புகள் தெரியும். திரும்ப எடுக்க டாஸின் ரெஸ்டோர் வேண்டும். கோப்பைச் சுருக்கும் பிகேஜிப் புரோகிராமில் எடுத்தது என்றால் உள்ளடக்கப் பட்டியல் கடைசி டிஸ்க்கில் இருக்கும், அது போனால் மீட்பது கடினம். இன்னொன்று: பரிவர்த்தனைக் கோப்பில் கணக்கின் எண் மட்டும் இருக்கும், பெயர் வேறு கோப்பில். இரண்டும் ஒரே நாள் பேக்கப்பிலிருந்து வர வேண்டும்.

குறுக்கு விசாரணையில் இரண்டு இடம் உதைக்கும். 2000-ம் ஆண்டுக்கு முன் எழுதிய ஃபாக்ஸ்புரோ புரோகிராமில் வருஷத்தை இரண்டு இலக்கமாகப் போட்டால் 00 என்பது 1900 ஆகப் பதிந்திருக்கும். உங்கள் கிரையப் பதிவே '1900 ஜூன்' என்று வரலாம். அதைத் திருத்தாதீர்கள். அப்படியே தாக்கல் செய்து, காரணத்தை நிபுணர் சான்றிலும் கணக்குப்பிள்ளை சாட்சியத்திலும் சொல்ல வையுங்கள். இரண்டாவது, ஃபாக்ஸ்புரோ கணக்கைச் சேமிக்கும் டிபிஎஃப் கோப்பில் அழித்த பதிவு உடனே போய்விடாது. அழிந்ததாகக் குறி மட்டும் விழும், 'பேக்' கட்டளை கொடுக்கும்வரை உள்ளேயே கிடக்கும். உங்களுக்கு ஆகாத பதிவும் அப்படிக் கிடக்கக்கூடும், எதிர்த்தரப்பு முழுக் கோப்பையும் கேட்கும். வேண்டாத டிஸ்க்கை ஒளித்துவிடலாமா என்று யாராவது யோசனை சொன்னால், அது பாரதிய நியாய சன்ஹிதா (புதிய தண்டனைச் சட்டம்) 241-ன்படி சிறைத் தண்டனைக்குரிய குற்றம்.

சான்றிதழின் பகுதி ஏ-யில் அந்தக் கம்ப்யூட்டரை அன்றாடம் பொறுப்பில் வைத்திருந்த கணக்குப்பிள்ளை கையெழுத்திடுவதே பொருத்தம். 'எனக்குத் தெரிந்தவரை, நம்பிக்கைக்கு எட்டியவரை' என்று சொன்னால் போதும் என்கிறது சட்டம். அவர் தயங்கினால் வற்புறுத்த வேண்டாம். சான்றிதழ் தர உத்தரவிடும்படி கோர்ட்டில் மனுச் செய்யலாம். பகுதி பி-யில் கையெழுத்திடுபவர் கூண்டில் ஏறி, ஹேஷ் எப்படி எடுத்தார் என்று தடுமாறாமல் சொல்லக்கூடியவராக இருக்கட்டும். எதிருரையோடு ஆவணத்தைக் கொடுக்கவில்லை என்றால் கட்டளை 8, விதி 1ஏ(3)-ன் கீழ் அனுமதி கேளுங்கள். கடை 2004-ல் கலைந்தது. கலைந்த கூட்டாண்மையில் கணக்குக் கேட்க, வரம்புச் சட்டம் உறுப்பு 5-ன்படி மூன்று வருஷம்தான். அந்தத் தற்காப்பு எதிருரையில் இருக்கிறதா என்று வக்கீலிடம் பாருங்கள்.

கணக்குப் புத்தகப் பதிவு மட்டும் ஒருவர்மேல் பொறுப்பைச் சுமத்தப் போதாது என்பது புதிய சாட்சியச் சட்டத்தின் 28-ம் பிரிவு. நீங்கள் பிரதிவாதி என்பதால் அது நேராக உங்களைக் கட்டாது. ஆனாலும் துணைச் சான்று இல்லாத பேரேட்டுக்கு எந்த நீதிபதியும் பெரிய மதிப்புத் தரமாட்டார். தேடவேண்டியது 31.3.2001 தேதியிட்ட இருப்புநிலைக் குறிப்பு. கடையின் சொத்தில் சித்தோடு இடம் இல்லை, அப்பாவின் மூலதனக் கணக்கில் அந்த வருஷப் பற்று இருக்கிறது என்று அதில் தெரிந்தால், ஃப்ளாப்பியில் பாதி டிஸ்க் படிக்காமல் போனாலும் உங்கள் வாதம் நிற்கும். கிரையப் பத்திரத்தில் டிடி அல்லது காசோலை எண் எழுதியிருந்தால் வங்கியில் அந்தக் காலப் பேரேட்டு நகல் கேளுங்கள். அப்பாவின் வருமான வரிக் கணக்கில் இடம் காட்டப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். பழைய ஆடிட்டர் அலுவலகத்துக்கு இந்த வாரமே போய்விடுங்கள். சட்டப்படி வைத்திருக்க வேண்டிய காலம் எப்போதோ முடிந்துவிட்டதால், அந்தக் கோப்பை அவர்கள் எந்த நாளும் பழைய பேப்பரில் போடலாம்.